ஜூன் 30-க்குப் பிறகு மீன் யாருக்கு?

ஏரி மீனுக்கு ஆண்டு தையிலும் பிறக்காது, சித்திரையிலும் பிறக்காது. ஜூலை முதல் தேதி தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும் பசலிதான் அதற்குக் கணக்கு. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் பிறக்கும் பசலி வந்துவிடும். 2024 ஜூலையில் பிறந்தது 1434-ஆம் பசலி. முகலாயர் காலத்தில் நிலவரி வசூலுக்காக வந்த கணக்கு இது. இன்றும் கிராம அடங்கலும் ஜமாபந்தியும் ஏரிகளின் மீன்பாசி குத்தகையும் அதை ஒட்டியே நடக்கின்றன.

நசரத்பேட்டையில் குடியிருந்துகொண்டு, பூந்தமல்லிச் சுற்றுவட்டார ஏரிகளில் மீன் பிடிப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு எழுத்து வேலை பார்த்தவள் நான். எனக்கு வலை வீசத் தெரியாது. பரிசல் தள்ளத் தெரியாது. ஏல அறிவிப்பு வந்தால் அதைப் படித்து நிபந்தனைகளைச் சொல்வேன். டேவணித் தொகைக்கு வரைவோலை எடுத்து, ஒப்பந்தப்புள்ளியை நிரப்பி, உறையில் போட்டு அரக்கு வைப்பேன். குத்தகை கிடைத்துவிட்டால் தவணை கட்டிய ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் சேர்ப்பேன். காலம் முடிவதற்குள் நீட்டிப்பு கேட்டு மனு எழுதுவேன். சங்க வேலையிலிருந்து நின்ற பிறகும் ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வலைக்காரர்கள் மட்டும் வருவதில்லை. வெளிநாட்டுக் கிளி வளர்ப்பவர் வருகிறார், மீன் தொட்டிக் கடைக்காரர் வருகிறார், தாத்தா விட்டுப்போன மான் கொம்பை என்ன செய்வதென்று தெரியாதவர் வருகிறார். உரிமம் என்ற பெயரில் ஒரு காகிதம் கையில் இருந்து, அதன் தேதியோ அதிலுள்ள பெயரோ சிக்கலாகிவிட்டால் நம் பக்கத்தில் யாராவது வழி சொல்லி என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. உரிமம் கை மாறக் கூடாது என்ற விதி ஏழை மீனவனுக்குக் காவல். உரிமம் தீரும் தேதியோ அவன் வயிற்றில் அடிப்பது. முதல் விதியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இரண்டாவதை நெகிழ்த்த வேண்டும். நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கை மாறுவதைக் கண்டும் காணாமல் விடுகிறோம். தேதியில் மட்டும் ஒரு நாள்கூட இறங்கி வர மாட்டோம்.

முதலில் ஏரி யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறையின் பொறுப்பாக இருந்தது. 2021-இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்த பிறகு அந்தத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியம் பராமரிக்கும். கரை ஒருவர் கையில், தண்ணீர் பாயும் முறை இன்னொருவர் கையில், மீன்பாசி உரிமை மூன்றாவது ஒருவர் கையில் என்று ஒரே ஏரிக்குப் பல கைகள் உண்டு. குத்தகைதாரர் எப்போதும் கடைசியில் நிற்பவர். மீன் பிடிக்க வசதியாக இருக்கிறதென்று மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்ற அவருக்கு உரிமை இல்லை. மழைக்காலத்தில் மீன் போய்விடுமே என்று உபரிநீர் வழியும் கலங்கலை அடைத்து வலை கட்டினால் அதிகாரிகள் வந்து அறுத்துப் போடுவார்கள். அது நியாயமும்கூட, கரை உடைந்தால் ஊர் போய்விடும். விஷம் கலப்பதும் வெடி வைப்பதும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். இத்தனை நிபந்தனைக்கும் கட்டுப்பட்டு அவர் பெறுவது ஒன்றுதான்: குறித்த காலம் வரை அந்த நீரில் மீன் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை.

அந்தக் காலம் ஜூன் 30-இல் முடிவதற்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். தண்ணீர் நின்றதும் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விடுவார்கள். தை முதல் மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் போகும். பங்குனிக்குள் ஏரி பாதியாகும். சித்திரை, வைகாசியில் மதகடிப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீனெல்லாம் அங்கே வந்து சேரும். இழுவை வலையை இரண்டு பக்கமும் பிடித்து நாலு இழுப்பு இழுத்தால் அந்த ஆண்டின் கணக்கு முடிந்துவிடும். ஆனியில் வெறும் சேறு. குத்தகை முடிவதும் ஏரி காய்வதும் ஏறக்குறைய ஒன்றாக நடந்த நாட்கள் அவை.

இன்று நசரத்பேட்டையில் நின்று சுற்றிப் பாருங்கள். பெங்களூரு நெடுஞ்சாலை ஒரு பக்கம், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை ஒரு பக்கம். வயல் இருந்த இடத்தில் கிடங்குகள், கல்லூரிகள், அடுக்குமாடி வீடுகள். தண்ணீர் கேட்டு மதகைத் திறக்கச் சொல்ல ஆயக்கட்டில் ஆள் இல்லை. போதாததற்கு வீடுகளின் கழிவுநீர் கோடையிலும் ஏரிக்குள் வந்து விழுகிறது. எனவே வைகாசியிலும் பல ஏரிகளில் மார்பளவு தண்ணீர் நிற்கிறது, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. மீன் பள்ளத்துக்கு வருவதில்லை, ஏரி முழுக்கப் பரவிக் கிடக்கிறது. செவுள் வலையில் மாட்டுவதுதான் மிச்சம். தேதி மட்டும் அதே ஜூன் 30.

அந்தத் தேதி தாண்டினால், நம் ஆட்கள் காசு கொடுத்து வாங்கி விட்டு, கொக்குக்கும் நாரைக்கும் தப்பி வளர்ந்த மீன், ஏலத்தில் அடுத்து எடுத்தவருக்குப் போய்ச் சேரும். அவர் ஒரு குஞ்சுகூட விட்டிருக்க மாட்டார். சட்டத்தில் இதில் பிழை இல்லை. தண்ணீரில் நீந்தும் மீனுக்குச் சொந்தக்காரர் கிடையாது. பிடித்த பிறகுதான் சொந்தம். பிடிக்கும் உரிமை தீர்ந்துவிட்டால் விட்ட மீனைக் கேட்க வழியில்லை.

அதனால் ஜூன் கடைசி வாரத்தில் ஏரிகளில் நடப்பது மீன்பிடிப்பே அல்ல. இரவு பகலாக வலை ஓடும். கண் சிறிய வலைகள் வெளியே வரும். கால் கிலோகூடத் தேறாத கட்லாவை அள்ளுவார்கள். இன்னும் ஆறு மாதம் விட்டால் அது ஒரு கிலோ நிற்கும் மீன். குஞ்சுகளைக் காவல் காத்துக்கொண்டு நிற்கும் விராலை, அது அந்த இடத்தை விட்டு நகராது என்று தெரிந்தே குத்துவார்கள். சுற்றிலும் எல்லா ஏரிக்கும் ஒரே தேதி என்பதால் எல்லோரும் ஒரே வாரத்தில் பிடித்து ஒரே சந்தைக்குக் கொண்டுவருவார்கள், விலை விழும். ஜிலேபி மீனைக் கேட்க ஆளிருக்காது. "இவ்ளோ பொடிய ஏண்ணே எடுக்கறீங்க?" என்று கரையில் நின்று ஒருமுறை கேட்டேன். "வுட்டா அவன் எடுப்பான்க்கா" என்றார் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர். அவர் பேராசைக்காரர் அல்ல. மறு ஆண்டும் ஏரி தன்னிடமே இருக்கும் என்று தெரிந்திருந்தால் அந்தப் பொடியை அவரே திருப்பி விட்டிருப்பார். ஏரியைக் காலி செய்யச் சொல்வது அந்தத் தேதி.

மழையும் வெள்ளமும் பசலியைப் பார்த்து வருவதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரம் நினைவிருக்கும். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி அடையாற்றில் இறங்கியது. சுற்றியிருந்த சிறிய ஏரிகள் எல்லாம் கலங்கல் மேலே பாய்ந்தன. அதற்குச் சற்று முன்புதான் குஞ்சு விட்டிருந்தோம். விட்டது அத்தனையும் கலங்கல் வழியே போனது. தெருவில் மீன் பிடித்தோம் என்று சென்னைக்காரர்கள் மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். அதில் எங்கள் சங்கத்தார் வட்டிக்கு வாங்கிய குஞ்சுகளும் இருந்திருக்கும். 2019 கோடையில் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் செம்பரம்பாக்கமே தரை வெடித்துக் கிடந்தது. சின்ன ஏரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2020-இல் ஏரியில் தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது. மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்து, நல்ல விலை கிடைக்கும் பங்குனியும் சித்திரையும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. இந்த மூன்று முறையும் குத்தகைத் தொகையில் குறைவு கேட்டும் காலத்தை நீட்டக் கேட்டும் மனு எழுதினேன். நீட்டிப்பு எளிதில் வருவதில்லை. அடுத்த ஏலம் நடந்து அடுத்தவர் பணம் கட்டிவிட்டால், அவருடைய உரிமையில் கை வைக்க அதிகாரிக்கும் முடியாது.

அப்படிப்பட்ட மனுவை எப்படி எழுத வேண்டும் என்று இளைய சங்கச் செயலாளர்கள் என்னிடம் கேட்பதுண்டு. காலம் முடிந்த பிறகு கொடுக்கும் மனுவுக்கு உயிரில்லை. நடப்பில் இருக்கும் உரிமத்தைத்தான் நீட்டலாம். தீர்ந்துபோனதை நீட்ட முடியாது, புதிதாகத்தான் கேட்க வேண்டும். ஆகவே ஏப்ரலிலேயே மனு போய்விட வேண்டும். அதில் அழுகை வேண்டாம். எந்தத் தேதியில் எத்தனை குஞ்சு, எந்தப் பண்ணையில் வாங்கியது, ரசீது எங்கே, ஏரியில் இன்று எத்தனை அடி தண்ணீர், கிராம நிர்வாக அலுவலர் என்ன சான்று கொடுத்தார் என்பவை இருக்கட்டும். தவணை ஒன்றுகூட பாக்கி இருக்கக் கூடாது. மனு சேர்ந்ததற்கு ஒப்புகை வாங்காமல் படி இறங்காதீர்கள்.

காகிதத்தின் அருமை தெரிய வேண்டுமானால் சிலிகா ஏரி வழக்கைச் சொல்வேன். ஒரிசாவில் பாரிக்குட் ஜமீனுக்குச் சிலிகாவின் ஒரு பகுதியில் மீன்பிடி உரிமை இருந்தது. ஆனந்த பெஹெரா முதலான சிலர் வரப்போகும் ஆண்டுகளுக்கு மீன் பிடிக்கும் உரிமத்தை ஜமீனிடம் முன்கூட்டியே வாங்கி, பணம் கட்டி, ரசீதும் வைத்திருந்தார்கள். பத்திரம் எழுதவில்லை. 1951-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்படி ஜமீன் அரசுக்குப் போனது. அரசு அந்த உரிமத்தை ஏற்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1955-இல் தீர்ப்பானது. நீதிபதி விவியன் போஸ் எழுதிய அந்தத் தீர்ப்பின்படி, ஏரியில் இறங்கி மீன் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை நிலத்திலிருந்து கிடைக்கும் பலன். அசையாச் சொத்தின் தன்மை கொண்டது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அப்படியொரு உரிமையை எழுத்தும் பதிவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் விற்க முடியாது. பணம் கட்டியவர்கள் தோற்றார்கள்.

நம் ஏரிகளில் இது இன்றும் உயிரோடு இருக்கும் பாடம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி கட்டாயம் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வைக்குப் பயந்து பதியாமல் வைத்திருப்பவர்கள் இரண்டாம் ஆண்டில் தகராறு வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏலத்தில் வென்றுவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் உத்தரவு நகலைக்கூட வாங்காமல் ஏரிக்குப் போய்விடுகிறார்கள்.

கை மாறும் கதைக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இப்போதும் பதற்றம் வருகிறது.

பெரும்பாலான ஏரிக் குத்தகை நிபந்தனைகளில் உள்குத்தகை கூடாது என்று ஒரு வரி இருக்கும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சலுகையோடு ஏரியைக் கொடுப்பதே, ஏரியில் இறங்குபவருக்கு ஏரியின் வருமானம் போக வேண்டும் என்பதற்காக. நடப்பது வேறு. ஏல அறிவிப்பு வந்த மறுநாளே காரில் ஒருவர் வருவார். "பேரு சங்கத்தோடதாவே இருக்கட்டும்மா. பணத்த நான் கட்டிடறேன். நீங்க ஒரு ஒப்பந்தம் மட்டும் எழுதுங்க." அந்த ஒப்பந்தத்தில் சங்கத்துக்கு ஒரு தொகை, அவருக்கு ஏரி முழுவதும். அதற்குப் பிறகு நம் ஆட்கள் தங்கள் பெயரில் உள்ள ஏரியில் கிலோவுக்கு இத்தனை என்று கூலிக்கு வலை இழுப்பார்கள். நல்ல மீன் அவருடைய ஐஸ் பெட்டிக்குப் போகும். குழம்புக்கு நாலு கெளுத்தி இவர்களுக்கு.

நான் அந்த ஒப்பந்தத்தை எழுதியதில்லை. சங்கத்திலேயே பலருக்கு என்மேல் கோபம் வந்தது. வயதில் மூத்த ஒருவர் என்னை உட்கார வைத்துப் பேசினார். "யம்மா, நீ சொல்றது ஞாயந்தான். மொத தவணைய பதினஞ்சு நாள்ல கட்டச் சொல்றான். மீன் வளர எட்டு மாசம் ஆவும். நடுவுல நான் எங்க போய் நிப்பேன்?" அவர் கேட்டது சரியான கேள்வி. ஏலத் தொகையை மீன் வளர்வதற்கு முன்னால் கேட்கும் வரை காரில் வருபவர் வந்துகொண்டுதான் இருப்பார். தவணையைப் பங்குனிக்குத் தள்ளி வைத்தால் பாதி பினாமி தானாக விலகிவிடும். இதைச் சொல்லும் மனுக்களும் எழுதியிருக்கிறேன்.

உரிமத்தை விற்க விட்டுவிட்டால் என்ன, மீனவனுக்கே காசு கிடைக்குமே என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அதைச் செய்து பார்த்த நாடு ஐஸ்லாந்து. அங்கே 1984-இல் ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவு மீன் என்று பங்கு பிரித்தார்கள். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பங்கை விற்கவும் வாங்கவும் முழு அனுமதி கொடுத்தது. மீன்வளம் தேறியது, ஏற்றுமதி பெருகியது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் பங்குகள் மெல்ல மெல்லப் பெரிய நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. சின்னத் துறைமுக ஊர்களில் பங்கை விற்ற குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்கு, கண் முன்னே கடல் இருந்தும் பிடிக்க உரிமை இல்லாமல் போனது. ஒருமுறை விற்ற காசு ஒரு தலைமுறைக்குக்கூடத் தாங்காது. எங்கள் ஏரியில் இறங்கும் செம்படவர் வீட்டுக்கும் இருளர் வீட்டுக்கும் விற்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் இதில் தெளிவாக நிற்கிறது. வேறு எண்ணம் தெரிவிக்கப்படாத வரை, உரிமம் பெற்றவர் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்கிறது 56-ஆம் பிரிவு. பொது மக்கள் கேளிக்கைக்குப் போகும் இடத்துக்கான அனுமதியை மட்டும்தான் அது விலக்காகச் சொல்கிறது. சினிமா டிக்கெட்டை நண்பனுக்குக் கொடுக்கலாம், ஏரி உரிமத்தைக் கொடுக்க முடியாது என்று சங்கக் கூட்டத்தில் விளக்குவேன். எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

கடல் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. காசிமேட்டில் பழைய படகு வாங்கிய உறவுக்காரர்கள் சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். படகுக்குப் பணம் கொடுத்துச் சாவி வாங்கினால் போதாது. 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்ள காகிதங்கள் வாங்கியவர் பெயருக்கு மாற வேண்டும். மாறாத வரை கடலில் ஏதாவது நடந்தால் விற்றவரைத்தான் தேடி வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்று எல்லோருக்கும் தெரியும். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களிலேயே பெயர் மாற்றத்தையும் முடித்துக்கொள்வது நல்லது.

உரிமம் தீர்வதிலும் மாறுவதிலும் மிகக் கொடியது, உரிமதாரர் இறந்துபோகும்போது வருவது. ஓர் இருளர் குடும்பத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே ஏரியில் இறங்குவார்கள். அந்த அம்மாவுக்கு வலையே தேவையில்லை. ஆழம் குறைந்த இடத்தில் சேற்றைக் கையால் தடவியே கெளுத்தியும் குரவையும் எடுத்துவிடுவார். கணவர் இறந்த மறுவாரம் கரைக்கு வந்தபோது, "சங்கத்துல உன் பேரு இல்லையே" என்றார்கள். உறுப்பினர் பதிவேட்டில் இருந்தது கணவர் பெயர் மட்டும். அவருடைய பங்குத் தொகை வாரிசுக்கு வரும்; ஏரியில் இறங்கும் உரிமை அதோடு வராது. அந்த அம்மா புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், நிர்வாகக் குழு கூட வேண்டும், தீர்மானம் போட வேண்டும். அதுவரை ஏரியைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கவே மாதங்கள் ஓடின. வாரிசுச் சான்றுக்குக் குடும்ப அட்டை வேண்டும், அவர்களுக்குக் குடும்ப அட்டையே புதிதாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் பிடிவாதமாக ஒன்றைச் செய்தேன். மீன் பிடிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஏரியில் இறங்கும் பெண்ணையும் தனி உறுப்பினராகச் சேர்க்க வைத்தேன். பங்குத் தொகை இரண்டு மடங்காகிறது என்று முணுமுணுத்தார்கள். இப்போது முணுமுணுப்பு இல்லை.

இந்த இடத்தில் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எனக்குப் பெரிய ஆறுதல். ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் தொடங்கியது, வடநெம்மேலியில் நடக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத் துறையின் அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே உரிமம் சங்கத்துக்கு. உறுப்பினர் ஒருவர் இறந்தால் உரிமம் சாவதில்லை. அவர் வீட்டில் கைப்பழக்கம் உள்ளவர் தொடர முடிகிறது. ஆனால் தேதி என்ற தொல்லை அவர்களுக்கும் உண்டு. ஒரு காலம் முடிந்து அடுத்த உத்தரவு வரத் தாமதமானால் ஒரு பாம்பைக்கூடத் தொட முடியாது. எத்தனை தலைமுறை அறிவு இருந்தாலும் காகிதம் இல்லாத நாளில் அவர்கள் பிடிப்பது வேட்டை என்றாகிவிடும்.

வேட்டை உரிமம் என்பதே இங்கே இல்லாமல் போனது தனி வரலாறு. மதராஸ் மாகாணத்தில் 1879-இலேயே நீலகிரிக்கு ஒரு சட்டம் வந்தது. வேட்டை விலங்குக்கும் மீனுக்கும் சேர்த்து ஒரே சட்டம். துப்பாக்கி வைத்திருந்த துரைமார்களின் வேட்டையும் தூண்டிலும் நீடித்து நடக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட முதலில் வேட்டைக்கு உரிமம் கொடுக்க வகை இருந்தது. 1991 திருத்தம் அதை ஒழித்தது. அன்று தீர்ந்த உரிமங்களுக்குப் புதுப்பித்தல் கிடையாது. அந்த முடிவை நான் மனமார ஆதரிக்கிறேன்.

ஆனால் அந்தக் காலத்து மிச்சங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. எங்கள் பக்கத்துப் பழைய வீடு ஒன்று விலைக்குப் போனது. கூடத்தில் ஒரு ஜோடி மான் கொம்பு. தாத்தா பெயரில் உடைமைச் சான்று இருந்தது, பெட்டியில் பத்திரமாக. வாங்க வந்தவருக்கு அந்தக் கொம்பின் மேல் ஆசை. "வீட்டோட சேத்துக் குடுத்துடுங்க, அதுக்குத் தனியா போட்டுத் தரேன்" என்றார். பேரன் என்னிடம் கேட்க வந்தார். முடியாது என்றேன். உடைமைச் சான்று உள்ளவரும் அதை விற்கக் கூடாது, வேறு எந்த வணிக வழியிலும் கை மாற்றக் கூடாது என்று வன உயிரினச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. 2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அது. வாரிசு உரிமையில் வருவது ஒன்றுதான் வழி. அப்படி வந்தாலும் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவும் அறிக்கை கொடுக்கவில்லை, பேரனும் கொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, கொம்பை வனத் துறையிடமே ஒப்படைக்க மனு எழுதிக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்துக்கு மனம் வலித்தது. தாத்தா நினைவு அது. ஆனால் விற்றிருந்தால் வாங்கியவரும் சேர்ந்து வழக்கில் நின்றிருப்பார்.

இப்போது அதிகம் வருபவை வெளிநாட்டுப் பறவைகளும் மீன்களும். 2020 ஜூனில் மத்திய அரசு ஓர் ஆலோசனை வெளியிட்டு, இப்படிப்பட்ட உயிரினங்களை ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் மூலக் காகிதம் கேட்க மாட்டோம் என்றது. பலர் செய்யவில்லை. வன உயிரினச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 2024 பிப்ரவரி 28-இல் விதிகள் வந்தன. காட்டு உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கை மாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும். சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி, பஞ்சவர்ணக் கிளிகள், இகுவானா, மலைப்பாம்பு வகைகள் எல்லாம் இதில் வரும். கொளத்தூரில் வண்ண மீன் வாங்கி வந்து விற்கும் ஒரு தம்பி ஆசிய அரோவானா ஒன்றை விலை பேசிவிட்டு என்னிடம் வந்தார். மீனுக்கு எதுக்குக்கா பதிவு என்று அவருக்கு ஆச்சரியம். அதுவும் அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் உள்ள மீன். விற்றவரின் பதிவு எண் இல்லாமல் காசு கொடுக்காதே என்றேன். விற்பவர் காட்டவில்லை, தம்பி வாங்கவில்லை.

பட்ஜி, காக்கடீல் வளர்க்கும் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். அவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கூண்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டும். அது நம் நாட்டுப் பறவை, காட்டு உயிரினம். அதை வீட்டில் வளர்க்கப் பதிவும் இல்லை, உரிமமும் இல்லை. கிளி ஜோசியக்காரர் ஒருவர் உரிமம் எழுதித் தரச் சொல்லி வந்தார். இல்லாத உரிமத்தை எப்படி எழுதுவது? அவருடைய பிழைப்புக்கு வேறு என்ன வழி என்று பேசி, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

ஏரிக்கு வருகிறேன். திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் மனுவில் மூன்று கேட்கிறோம். குத்தகையின் முதல் தவணையை மீன் விற்கும் மாதத்துக்கு மாற்றுங்கள். உறுப்பினர் இறந்தால் அவரோடு ஏரியில் இறங்கிய மனைவிக்கோ பிள்ளைக்கோ மீதிக் காலம் தானாகப் போகட்டும். ஜூன் 30 அன்று ஏரியில் தண்ணீர் இருந்தால், பழைய குத்தகைதாரருக்கு விட்ட மீனைப் பிடித்து முடிக்க ஆடிக் கடைசி வரை அவகாசம் கொடுங்கள்; அல்லது அடுத்தவர் அந்த மீனுக்கு ஒரு விலை கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசிக் கோரிக்கையைப் படித்த அலுவலர் ஒருவர், "தண்ணிக்குள்ள இருக்கற மீனை யாரும்மா எண்றது?" என்று கேட்டார். எண்ண வேண்டாம் சார், தண்ணீரை அளந்தால் போதும் என்றேன். எங்கள் ஏரிகள் பெரும்பாலானவற்றில் மதகடியில் அளவுகோல் இருக்கிறது. ஜூன் 15-ஆம் தேதி அதில் எத்தனை அடி என்று பார்த்து, இந்த அளவுக்கு மேல் இருந்தால் அவகாசம், குறைந்தால் இல்லை என்று ஓர் உத்தரவு போட்டுவிடலாம். அவர் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். சங்கங்களில் எழுத்து வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள்: அந்தத் தேதியில் மதகு அளவுகோலைத் தண்ணீரோடு சேர்த்துப் படம் எடுத்து, குஞ்சு வாங்கிய ரசீதோடு கோப்பில் வையுங்கள். ஐந்து ஏரிகளின் படம் சேர்ந்தால் அடுத்த மனுவோடு இணைத்துவிடலாம்.